ஃபிரிட்ஜில் வைத்த குர்குமின் மைசெல்: வெள்ளிக்கிழமை தெளிவு, திங்கட்கிழமை படிகம். ஏன்?

கயல், பாயான் பாரு, பினாங்கு (செவ்வாய் இரவு)

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் மருந்தாக்கத் துறையில் முதுகலை ஆய்வு செய்கிறேன், இரண்டாவது பருவம். மூன்று வாரமாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். இதே வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

மஞ்சளில் இருக்கும் குர்குமினைப் புளூரானிக் எஃப்127 என்ற பாலிமரின் மைசெல்லுக்குள் (பாலிமர்ச் சங்கிலிகள் நீரில் தாமாகச் சேர்ந்து கட்டும் நுண்ணிய உருண்டை) ஏற்றுவதுதான் என் வேலை. 10 மி.கி. குர்குமின், 500 மி.கி. எஃப்127, இரண்டையும் எத்தனாலில் கரைத்து வட்டக்குடுவையில் ஊற்றி ரோட்டவேப்பில் (கரைப்பானை ஆவியாக்கி எடுக்கும் கருவி) சுற்றவிடுவேன். எத்தனால் போனதும் குடுவையின் உள்சுவரில் மஞ்சள் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். அதை இரவு முழுக்க வெற்றிடத்தில் உலரவைத்து, மறுநாள் 40 டிகிரிச் சூட்டில் 50 மி.லி. நீர் ஊற்றி மெதுவாகச் சுழற்றுவேன். படலம் கரைந்து வந்ததும் 0.45 மைக்ரான் வடிகட்டியில் விட்டு எடுப்பேன்.

வெள்ளிக்கிழமை பார்த்தபோது மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. பொன் நிறத்தில் தெளிவான நீர். குப்பிக்குப் பின்னால் பேனாவை வைத்தால் அதன்மேல் இருக்கும் சின்ன எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது. துகளின் அளவை ஒளியால் அளக்கும் டிஎல்எஸ் கருவியில் 25 டிகிரியில் 24 நானோமீட்டர், ஒரே ஒரு சிகரம். அலுமினியத் தாளில் சுற்றி, பத்திரமாக இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை எடுத்துப் பார்த்தால் குப்பியின் அடியில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் தூள். மைக்ராஸ்கோப்பில் ஊசி ஊசியாகத் தெரிகிறது. மேலே இருக்கும் நீர் வெளுத்துவிட்டது. ஹெச்பிஎல்சியில் (கரைசலில் எந்தப் பொருள் எவ்வளவு என்று பிரித்து அளக்கும் கருவி) போட்டேன், வெள்ளிக்கிழமை இருந்த குர்குமினில் கால்வாசிகூட மேல்நீரில் இல்லை.

எனக்குப் புரியாதது இதுதான். அதே மேல்நீரை டிஎல்எஸ்ஸில் வைத்தால் 24 நானோமீட்டர் சிகரம் அப்படியே வருகிறது! கூடவே 1000-க்கு மேல் இன்னொன்று, அது படிகத் துணுக்காக இருக்கும். மைசெல் உடையாமல் இருக்கிறது, உள்ளே இருந்த மருந்து மட்டும் எப்படி வெளியே வந்தது?

மருந்து அதிகம், குறைத்துப் பார் என்றார் மேற்பார்வையாளர். பாதியாகக் குறைத்தும் அதே கதைதான். மூன்று தடவை செய்துவிட்டேன்.

ஏன் குர்குமின் என்று கேட்பீர்கள். என் பாட்டி கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதிலிருந்தே வெற்றிலை, பாக்கு, புகையிலை. கடைசியில் வாயில் புற்று வந்தது. மலேசியாவில் வாய்ப்புற்று நம் இந்தியர்களுக்குத்தான் அதிகம் என்று அப்போது எனக்குத் தெரியாது. கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கியபின் வாய் முழுக்கப் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. 'மஞ்சத்தண்ணி குடு, கொப்பளிக்கிறேன்' என்று என்னிடம் கேட்டார். கலக்கிக் கொடுத்தேன். அவர் கொப்பளித்து முடித்ததும் பார்த்தால் மஞ்சள் டம்ளரின் அடியிலேயே தங்கியிருந்தது. பாட்டி போன வருடம் தவறிவிட்டார். வாயில் தங்கி வேலை செய்கிற மாதிரி ஒன்றைச் செய்ய வேண்டும் என்றுதான் இந்தத் தலைப்பை எடுத்தேன். திங்கட்கிழமை அந்தக் குப்பியின் அடியைப் பார்த்தபோது அந்த டம்ளர்தான் நினைவுக்கு வந்தது.

---

மலர், செராஸ், கோலாலம்பூர் (புதன் காலை)

கயல், பாட்டி விஷயம் படித்து வருத்தமாக இருந்தது. நான் பகுப்பாய்வு வேலையில் இருப்பவள். மைசெல்லைவிட குர்குமினைப் பற்றித்தான் என்னால் சொல்ல முடியும்.

காணாமல் போன குர்குமின் முழுவதும் படிகமாகத்தான் போனதா, இல்லை கொஞ்சம் சிதைந்தும் போனதா? இதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். குர்குமின் காரத்தன்மையைத் தாங்காது. 37 டிகிரியில், பிஹெச் 7.2 பாஸ்பேட் கரைசலில் அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடும் என்று 1997-லேயே அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். நீங்கள் வெறும் நீரில் செய்கிறீர்கள், அதனால் அவ்வளவு மோசம் இருக்காது. ஆனாலும் கணக்குப் போட்டுவிடுங்கள். அடியில் இருக்கும் தூளைத் தனியாக எடுத்து மெத்தனாலில் முழுக்கக் கரைத்து ஹெச்பிஎல்சியில் போடுங்கள். அதையும் மேல்நீரில் இருப்பதையும் கூட்டினால் வெள்ளிக்கிழமைக் கணக்கு வர வேண்டும். வந்தால் சிதைவு இல்லை, வெளியே வந்ததுதான் சிக்கல். மேல்நீரைக் கருவிக்குள் செலுத்தும் முன்னால் அதையும் மெத்தனாலில் நீர்க்கச் செய்யுங்கள், மைசெல் உடைந்து மருந்து முழுதாக வெளியே வந்தால்தான் அளவு சரியாக இருக்கும்.

இன்னொன்று. கடையில் குர்குமின் என்று விற்பது பெரும்பாலும் மூன்று பொருளின் கலவை. குர்குமின், டெமெதாக்ஸி குர்குமின், பிஸ்டெமெதாக்ஸி குர்குமின். உங்கள் ஹெச்பிஎல்சி வரைபடத்தில் மூன்று சிகரம் வரும். எதைக் கூட்டுகிறீர்கள், எதை விடுகிறீர்கள் என்று ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

மைசெல் ஏன் காலியானது என்பதற்கு எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்தவர்கள் வரட்டும்.

---

செந்தூல் மருந்தாளர், கோலாலம்பூர் (புதன் இரவு)

கயல்மா, உன் பதிவை இரண்டு தடவை படித்தேன். விடையை நீயே எழுதியிருக்கிறாய். 'பத்திரமாக இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு' என்று ஒரு வரி இருக்கிறதே, அதுதான்.

எஃப்127 சங்கிலிக்கு மூன்று பகுதி. இரண்டு முனையிலும் பாலிஎத்திலீன் ஆக்சைடு, அது எப்போதும் நீரோடு ஒத்துப்போகும். நடுவில் பாலிப்ரொப்பிலீன் ஆக்சைடு. சூடாக இருந்தால் அது நீரை விட்டு விலகும், குளிர்ந்தால் நீரோடு சேர்ந்துகொள்ளும். இந்த நடுப்பகுதிகள் நீரைப் பிடிக்காமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால்தான் உருண்டை கட்டுகிறது. நீரோடு ஒத்துப்போய்விட்டால் ஒட்டிக்கொள்ள என்ன காரணம்? உருண்டை அவிழ்ந்து சங்கிலிகள் தனித்தனியாக நீரில் மிதக்கும். உள்ளே இருந்த குர்குமின் திடீரென்று வெறும் நீரில் நிற்கும். ஒரு மி.லி. நீரில் ஒரு மைக்ரோகிராம்கூடக் கரையாத பொருள் அது. உன் குப்பியில் மி.லி.க்கு 200 மைக்ரோகிராம் இருக்கிறது. ஊசிப் படிகமாக விழாமல் வேறு எங்கே போகும்?

இதற்கு அளவும் இருக்கிறது. 1994-இல் அலெக்சாண்ட்ரிடிஸ், ஹோல்ஸ்வார்த், ஹேட்டன் மூவரும் இந்தப் பாலிமர்களை வரிசையாக அளந்து வெளியிட்டார்கள். எஃப்127 உருண்டை கட்ட 25 டிகிரியில் ஏறத்தாழ 0.7 சதவீதம் வேண்டும். 30 டிகிரியில் 0.1 போதும். 35-இல் 0.025. ஆனால் 20 டிகிரிக்கு இறங்கினால் 4 சதவீதம் வேண்டும். உன்னுடையது 500 மி.கி., 50 மி.லி., அதாவது 1 சதவீதம். 25 டிகிரியில் எல்லையைச் சற்றுத் தாண்டி நிற்கிறாய், அவ்வளவுதான். 20 டிகிரியில் எல்லைக்குக் கீழே. ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் மைசெல் என்று ஒன்று இருக்கவே இருக்காது. உள்ளே மருந்து இருந்தால் இந்த எல்லை கொஞ்சம் நகரும், வாங்கும் பாலிமர் லாட்டுக்கு லாட்டும் மாறும். ஆனால் 4 டிகிரியைக் காப்பாற்றும் அளவுக்கு நகராது.

உன் ஆய்வுக்கூடத்தில் ஏர்கான் எவ்வளவில் ஓடுகிறது? நம் ஊரில் கட்டடத்துக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காரும் பழக்கம்தானே. மேசைமேல் வைத்தாலும் எல்லைக்குக் கீழே போயிருக்கலாம். தெர்மாமீட்டர் வைத்துப் பார்.

இப்போது டிஎல்எஸ் புதிர். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மேல்நீரைக் கருவியில் வைத்தாய். கருவி என்ன செய்தது? அளக்கும் முன்னால் 25 டிகிரிக்குக் கொண்டுவந்தது. அந்தச் சில நிமிடத்தில் சங்கிலிகள் மறுபடி உருண்டை கட்டிவிட்டன. அதே சங்கிலி, அதே அளவு, அதே 24 நானோமீட்டர். ஆனால் உள்ளே மருந்து இல்லை. ஃபிரிட்ஜுக்குள் இருந்தபோது அது எப்படி இருந்தது என்பதைக் கருவி உனக்குக் காட்டவே இல்லை. வேண்டுமானால் கருவியை 10 டிகிரியில் வைத்து ஒருமுறை அள. 24 நானோமீட்டர் சிகரம் சுருங்கிப் போவதைப் பார்ப்பாய்.

படிகமானது ஏன் திரும்ப உள்ளே போகவில்லை என்று அடுத்து கேட்பாய். வீட்டில் கொழுக்கட்டை பிடித்திருக்கிறாயா? மாவுக்குள் பூரணத்தை வைத்து மூடுவது ஒன்று. மூடி முடித்த வெறும் மாவு உருண்டைக்குள் பூரணத்தை வெளியிலிருந்து திணிப்பது வேறு. படலத்திலிருந்து நீரூற்றி எடுக்கும்போது மருந்து மூலக்கூறு மூலக்கூறாகப் பாலிமரோடு கலந்தே இருக்கிறது, உருண்டை கட்டும்போதே உள்ளே மாட்டிக்கொள்கிறது. படிகமாகிவிட்டால் குர்குமின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிந்து, நீரைக் கடந்து, உருண்டைக்குள் போக வேண்டும். வெறுமனே சூடாக்கினால் அது நாள்கணக்கில் இழுக்கும். பூரணம் கூடினால் மாவு பிளக்கும் என்பதும் உண்மைதான், உன் மேற்பார்வையாளர் நினைத்தது அதைத்தான். ஆனால் பாதியாகக் குறைத்தும் அதே கதை என்றால் பூரணம் காரணமில்லை.

கருவி இல்லாமலே பார்க்க ஒரு வழி சொல்கிறேன். குர்குமின் நீரில் மங்கலாக ஒளிரும், எண்ணெய்ச் சூழலுக்குள் போனால் பளிச்சென்று பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கு. இருட்டறையில் புதிதாகச் செய்த குப்பியின்மேல் அடி. அதே குப்பியைப் பனிக்கட்டி நீரில் வைத்து மறுபடி அடி. (கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.)

அடுத்து நான் சொல்லப்போவது உன் கேள்வியில் இல்லாதது. ஆனால் இந்த வேலையில் இருக்கும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நீண்ட நாளாக எனக்கு ஆசை.

ஓய்வு பெறும்வரை மருத்துவமனையில் புற்றுமருந்து கலக்கும் அறையில் பல ஆண்டு இருந்தேன். பாக்லிடாக்சல் தெரியும்தானே. பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. வால், வானி இருவரும் 1971-இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1992-இல்தான். இவ்வளவு இடைவெளிக்கு ஒரு காரணம் அது நீரில் கரையாதது. கடைசியில் எதில் கரைத்தார்கள் என்றால் கிரெமோஃபோர், அதாவது நம் விளக்கெண்ணெயை எத்திலீன் ஆக்சைடோடு வினைப்படுத்திச் செய்த பொருள். அதோடு சரிபாதி எத்தனால். ஒரு மி.லி.யில் மருந்து 6 மி.கி., கிரெமோஃபோர் 527 மி.கி.

கணக்குப் பார். உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர் உள்ள பெண்மணிக்கு, சதுர மீட்டருக்கு 175 மி.கி. என்றால் 280 மி.கி. மருந்து. அதற்கு 47 மி.லி. எடுக்க வேண்டும். அதில் கிரெமோஃபோர் மட்டும் ஏறத்தாழ 25 கிராம். கால் கிராமுக்குச் சற்று மேலான மருந்தைக் கொண்டுபோக 25 கிராம் எண்ணெய்ப்பொருள் ரத்தக்குழாயில் இறங்குகிறது. சாதாரண பிவிசி பையில் கலக்கக்கூடாது, பிளாஸ்டிக்கை இளக்கும் பொருளை அது உருவி எடுத்துவிடும். கண்ணாடிப் புட்டியிலோ வேறு வகைப் பையிலோதான் கலப்போம். ஒவ்வாமை வரும் என்பதால் முன்கூட்டியே டெக்ஸாமெதசோன், ஒவ்வாமை மருந்து எல்லாம் கொடுத்தாக வேண்டும்.

எல்லாம் கொடுத்தும் ஒருநாள் ஒரு அம்மாவுக்கு வந்தது. இரண்டாவது சுற்று. சொட்டு ஓட ஆரம்பித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முகம் செக்கச்சிவந்து, நெஞ்சை அடைக்கிறது என்று கையைத் தூக்கிவிட்டார். செவிலியர் உடனே நிறுத்திவிட்டார். நான் ஓடிப்போய் நின்றேன். கொஞ்சம் தெளிந்ததும் என்னைப் பார்த்து, 'இந்த மருந்து எனக்கு ஒத்துக்கலையா தம்பி? அப்ப வேற வழி இல்லையா?' என்று கேட்டார். மருந்தாக இருக்காது அம்மா, அதைக் கரைத்திருக்கும் பொருளாக இருக்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். தெரிந்திருந்தும் சொல்ல வாய் வரவில்லை. பிறகு மெதுவாக ஓடவிட்டு அன்றைய மருந்து முழுவதும் ஏறியது. ஆனால் தன் மருந்தே தனக்கு எதிரி என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு சுற்றுக்கும் வந்தார்.

அதனால்தான் பாலிமர் மைசெல் என்று யாராவது சொன்னால் எனக்குக் காது நிமிரும். கொரியாவில் 2007-இல் ஜெனெக்ஸால் பிஎம் என்ற பெயரில் அதே பாக்லிடாக்சல் அனுமதி பெற்றது. பாலிஎத்திலீன் கிளைக்கால், பாலிலாக்டைடு இரண்டையும் சேர்த்த சங்கிலி. நீரூற்றினால் உருண்டை கட்டும், நடுவில் பாக்லிடாக்சல். கிரெமோஃபோர் ஒரு துளி கிடையாது. 2004-இல் வெளியான அதன் முதல் கட்ட ஆய்வில், முன்மருந்து கொடுக்காமலேயே செலுத்தினார்கள், உடனடி ஒவ்வாமை வரவில்லை. அடுத்த கட்டத்துக்கு அவர்கள் பரிந்துரைத்த அளவு சதுர மீட்டருக்கு 300 மி.கி.

அதே சமயம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் என்கே105 என்ற பாக்லிடாக்சல் மைசெல் மூன்றாம் கட்டம்வரை போனது, மார்பகப் புற்றில். நோய் முற்றாமல் இருந்த காலம் இரண்டு தரப்பிலும் எட்டரை மாதத்தை ஒட்டித்தான், ஆனால் முன்கூட்டியே வகுத்திருந்த இலக்கை அது எட்டவில்லை. கைகால் மரத்துப்போவது மட்டும் குறைந்திருந்தது. மைசெல் மருந்தை நேராகக் கட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று கட்டுரைகளின் முதல் பத்தியில் எழுதுகிறார்கள். நான் பார்த்தவரை அதன் உறுதியான பயன் அது இல்லை. கெட்ட கரைப்பானை வெளியேற்றுகிறதே, அதுதான் பயன். அந்த அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்திருக்கும்.

உன் எஃப்127-ஐ ரத்தத்தில் செலுத்த நினைத்திருந்தால் நான் தடுத்திருப்பேன். 5 மி.லி. எடுத்து 5 லிட்டர் ரத்தத்தில் விட்டால் ஆயிரம் மடங்கு நீர்த்து 0.001 சதவீதம் ஆகும். உடற்சூட்டில்கூட அது உருண்டை கட்டும் எல்லைக்குக் கீழே. பாலிலாக்டைடு வகைக்கு லிட்டருக்குச் சில மில்லிகிராம் இருந்தாலே போதும், அதனால்தான் அவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். ஆனால் நீ போவது வாய்க்கு. கொப்பளிக்க 10 மி.லி. என்று வை. வாயில் தேங்கியிருக்கும் உமிழ்நீர் ஒரு மி.லி.யை ஒட்டித்தான். அதனால் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கூடுதலாக நீர்க்கும். வாயின் சூடு 35-க்கு மேல். அங்கே 0.025 சதவீதம் போதும், உன்னிடம் 1 இருக்கிறது. உன் பாட்டிக்காக நீ தேர்ந்தெடுத்த பாலிமர் அந்த வேலைக்குச் சரியானதுதான்மா. வைத்த இடம்தான் தப்பு.

---

பட்டர்வொர்த் வாசகர் (வியாழன் காலை)

நான் இந்தத் துறை இல்லை, தேடும்போது இந்தப் பக்கம் வந்தது. என் அம்மாவுக்கு இப்போது கீமோ ஓடுகிறது. தெரிந்தவர் ஒருவர் குர்குமின் மாத்திரை வாங்கிக் கொடுத்தார், உடம்பில் நன்றாகச் சேரும் வகையாம். கொடுக்கலாமா ஐயா?

---

செந்தூல் மருந்தாளர் (வியாழன் மதியம்)

மாத்திரைப் புட்டியை அப்படியே எடுத்துப்போய் அம்மாவின் புற்றுநோய் மருத்துவரிடமோ அங்கிருக்கும் மருந்தாளரிடமோ காட்டுங்கள். அதுவரை நிறுத்தி வையுங்கள். சாம்பாரில், ரசத்தில் போடும் மஞ்சள் வேறு, அது பெரும்பாலும் உடம்பில் சேராமலே போய்விடும். அதிகம் சேரும்படி செய்த மாத்திரை வேறு, சிலவற்றில் மிளகுச் சத்தும் சேர்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட மாத்திரைகளால் கல்லீரல் பாதித்தவர்கள் அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறார்கள். கீமோ நேரத்தில் கல்லீரலுக்கு ஏற்கெனவே நிறைய வேலை. மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று மறைக்காதீர்கள், தயவுசெய்து.

---

கயல் (அடுத்த செவ்வாய் இரவு)

ஐயா, மலர் அக்கா, இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒரு வாரம் வேறு எதையும் தொடவில்லை. பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் தெர்மாமீட்டர். என் மேசையில் 21 டிகிரி. ஏர்கான் காற்று நேராக விழும் இடம் அது, இத்தனை மாதம் அங்கேதான் எல்லாவற்றையும் ஆறவைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே தடவையில் செய்த கரைசலை நான்கு குப்பியில் பிரித்தேன். ஃபிரிட்ஜ், மேசை, ஏர்கான் இல்லாத பொருளறை அலமாரி, 37 டிகிரி இன்குபேட்டர். அலமாரியில் வைத்துப் பார்த்தபோது 30 டிகிரி. ஃபிரிட்ஜ் குப்பியில் மறுநாள் காலையே தூள் விழுந்துவிட்டது. மேசையில் இருந்தது இரண்டாம் நாள் மங்கியது, பேனா எழுத்தைப் படிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் அடியில் மெல்லிய கோடு. அலமாரியும் இன்குபேட்டரும் இன்றுவரை தெளிவு. இன்குபேட்டரில் இருப்பதில் ஹெச்பிஎல்சி அளவு மட்டும் சற்றுக் குறைந்திருக்கிறது, படிகம் எதுவும் இல்லாததால் அது சிதைவு என்று நினைக்கிறேன் அக்கா. அலமாரிக் குப்பியில் குறைவு இன்னும் சின்னது.

மலர் அக்கா சொன்னபடி ஃபிரிட்ஜ் குப்பியின் தூளை மெத்தனாலில் கரைத்துக் கூட்டிப் பார்த்தேன். மேல்நீரையும் சேர்த்தால் தொடக்கத்தில் போட்ட அளவு ஏறக்குறைய முழுவதும் வந்துவிட்டது. சிதையவில்லை, வெளியேதான் வந்திருக்கிறது.

கொம்தார் பக்கம் போய்ப் புற ஊதா டார்ச் வாங்கி வந்தேன். இரவு எல்லாரும் போனபின் விளக்கை அணைத்துவிட்டு இளஞ்சூடான குப்பியின்மேல் அடித்தேன். குப்பி முழுக்க இளம் பச்சையாக எரிந்தது, கை விரல்கூட அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. அப்படியே பனிக்கட்டி நீருக்குள் இறக்கினேன். அடியிலிருந்தும் சுவரோரத்திலிருந்தும் மங்கத் தொடங்கி, நடுவில் மட்டும் கொஞ்ச நேரம் ஒளி நின்றது. அப்புறம் அதுவும் போய்விட்டது. உடனே வெளியே எடுத்துக் கையில் பிடித்துச் சூடாக்கினேன், பெரும்பகுதி ஒளி திரும்பி வந்தது. அதே குப்பியை ஐஸிலேயே இரவு முழுக்க விட்டு மறுநாள் சூடாக்கியபோது மேல்நீர் மங்கலாகவே இருந்தது. படிகம் கட்டும் முன் திரும்பினால் வழி இருக்கிறது, கட்டியபின் இல்லை என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். சரியா ஐயா?

மேற்பார்வையாளரிடம் நான்கு குப்பியையும் வரிசையாக வைத்துக் காட்டினேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கருவியைக் குளிர்ந்த நிலையில் ஓட்டும் வேலையை இந்த வாரமே செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. அடுத்த கட்டமாக 20 சதவீத எஃப்127 ஜெல் செய்யும் திட்டம். குளிரில் நீராக இருக்கும், வாயில் தடவினால் சூட்டில் இறுகி ஒட்டிக்கொள்ளும். அதையும் குளிரில்தானே வைக்க வேண்டும்? அங்கேயும் இதே கதை வருமா?

---

செந்தூல் மருந்தாளர் (அன்று இரவே)

டார்ச் விஷயம் சரியாகப் பிடித்துவிட்டாய்.

ஜெல்லுக்கும் இதே கதை வரும். 20 சதவீதம் என்பதால் எல்லை இன்னும் குளிர்ந்த இடத்துக்கு இறங்கும், ஆனாலும் ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் பெரும்பாலும் தனிச் சங்கிலிதான். குளிர்ந்த ஜெல் நீராக ஓடுவதே அதனால்தானே. உருண்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதுதான் ஜெல். உருண்டை இல்லை என்றால் ஜெல்லும் இல்லை, மருந்துக்கு இடமும் இல்லை.

இரண்டு வழி பார். ஒன்று, கரைசலாகவே வைக்காதே. சின்னக் குப்பிகளில் படலமாக உலர்த்தி, மூடி, இருட்டில் வை. கொப்பளிக்க வேண்டிய நேரத்தில் வெதுவெதுப்பான நீரை ஊற்றிச் சுழற்றினால் போதும். ஜெனெக்ஸால்கூட குப்பியில் உலர்ந்த தூளாகத்தான் வருகிறது. நோயாளியின் வீட்டில் பாட்டியோ பேத்தியோ செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள், எத்தனை சுழற்றலில் கரைகிறது என்று எண்ணி எழுதி வை. இன்னொன்று, குளிரில் அவிழாத பாலிமரைக் கூடச் சேர்த்துப் பார். சொலுபிளஸ் என்று ஒன்று இருக்கிறது, லிட்டருக்கு 7.6 மி.கி. இருந்தாலே உருண்டை கட்டும் என்கிறார்கள். கொஞ்சம் வாங்கி ஒப்பிட்டுப் பார். ஆனால் அதை வாய்ப்புண்ணில் தடவும் முன் பாதுகாப்புத் தரவு எல்லாவற்றையும் தேடிப் படிக்க வேண்டும். முதல் வழியே உனக்குப் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

---

மலர் (புதன் காலை)

கயல், உலர்ந்த படலத்தை வைக்கும்போது ஈரம் உறிஞ்சாமல் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். பினாங்கு ஈரக்காற்றில் எஃப்127 பிசுபிசுத்துவிடும். முதல் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் மூன்று தடவையும் நீரூற்றி அளந்தால் ஆய்வேட்டில் ஒரு முழு அட்டவணை ஆகிவிடும்.

---

கயல் (புதன் மாலை)

செய்கிறேன் அக்கா. இன்று பன்னிரண்டு குப்பி படலமாக உலர்த்தி அலமாரியில் வைத்துவிட்டேன், சிலிக்கா ஜெல்லோடு. என்னோடு வேலை செய்யும் மலாய், சீன நண்பர்கள் நல்ல எண்ணத்தில் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடக்கூடாது என்று 'பெத்தி செஜுக்கில் (ஃபிரிட்ஜில்) வைக்காதீர்' என்று மலாயில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன், கீழே தமிழிலும். ஏழாம் நாள் அளந்துவிட்டு இங்கேயே வந்து எழுதுகிறேன்.